மண் சுவர்: எத்தனை கிலோ தாங்கும் என்பதை விட எது சாய்க்கும் என்று பாருங்கள்

மண்ணால் வீடு கட்ட முடிவெடுத்தவர்கள் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: எத்தனை கிலோ தாங்கும்? தலைக்கு மேல் கூரை நிற்கப் போகிறது, கேட்கத்தான் வேண்டும். ஆனால் அந்த ஓர் எண்ணை வைத்துக்கொண்டு வெயிலில் காயவைத்த பச்சைக்கல், கையால் வைக்கும் மண் சுவர், பலகைக் கூண்டுக்குள் மண்ணைத் திமிசு போட்டு இடித்த சுவர், இயந்திரத்தில் அழுத்திய மண் கல் என்ற நான்கையும் வரிசைப்படுத்தி, எது மேலே வருகிறதோ அதை எடுத்துக்கொள்வது தவறான வழி. முழு மண் சுவர் பாரத்தில் நசுங்கி விழுந்து நான் பார்த்ததே இல்லை. அடி ஊறி உட்கார்ந்த சுவரைப் பார்த்திருக்கிறேன், மூலையில் வாய் பிளந்து வெளியே சாய்ந்த சுவரைப் பார்த்திருக்கிறேன், உத்திரம் வந்து உட்காரும் இடத்தில் மட்டும் பொடிந்துபோன சுவரையும் பார்த்திருக்கிறேன். அதனால் இங்கே நான்கையும் வேறு கேள்வியை வைத்து ஒப்பிடப் போகிறேன். உங்கள் சுவரை எது கீழே தள்ளும்?

முதலில் அந்தக் கிலோ கணக்கைப் போட்டு முடித்துவிடலாம், சின்னக் கணக்குதான். வலிமையைப் பற்றி இங்கே கிலோ என்று சொல்வதெல்லாம் சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை கிலோ என்ற கணக்கு, கல்லின் எடை அல்ல. காய்ந்த மண் சுவரின் எடை ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய 1,800 முதல் 2,000 கிலோ. 3 மீட்டர் உயரச் சுவரின் அடியில் அதன் சொந்த எடையால் வரும் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு அதிகம் போனால் 0.6 கிலோ. சுவர் 30 சென்டிமீட்டர் ஆனாலும் 60 ஆனாலும் இது மாறாது, எடை கூடும்போது அதைத் தாங்கும் பரப்பும் கூடுகிறது. மேலே கனமான கூரை, மீட்டருக்கு 2 டன் என்று தாராளமாகவே வைத்துக்கொள்ளுங்கள். 30 சென்டிமீட்டர் சுவரில் அது இன்னும் 0.7 கிலோவைத்தான் சேர்க்கும். ஆக மொத்தம் 1.3 கிலோ. சுமாரான பச்சைக்கல்லே சதுர சென்டிமீட்டருக்கு 10 கிலோ தாங்கும். பெரு நாட்டின் மண் கட்டட விதி பச்சைக்கல்லுக்குக் கேட்கும் குறைந்தபட்ச வலிமை 10.2 கிலோ, அதாவது 1 மெகாபாஸ்கல். அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோ மாநில விதி 300 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு 300 பவுண்டு) கேட்கிறது, அது சுமார் 21 கிலோ.

ஜெர்மனியில் வைல்புர்க் என்ற ஊரில் 19-ஆம் நூற்றாண்டில் இடித்த மண்ணால் எழுப்பிய ஆறு மாடி வீடு ஒன்று இருக்கிறது. அதன் சுவர் அடியில் 75 சென்டிமீட்டர், மேல் மாடியில் 40 சென்டிமீட்டர். அவ்வளவு உயரமான வீட்டின் அடியிலேயே அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 7.5 கிலோ அளவுக்குத்தான் வருகிறது. ஏமனின் ஷிபாமில் 16-ஆம் நூற்றாண்டிலிருந்து ஏழெட்டு மாடி பச்சைக்கல் கோபுர வீடுகள் நெருக்கி நெருக்கி நிற்கின்றன. இதையெல்லாம் பார்த்துவிட்டு, தரைத்தளம் மட்டும் உள்ள வீட்டுக்கு 40 கிலோ கல்லா 60 கிலோ கல்லா என்று மண்டையை உடைத்துக்கொள்வது எதற்கு என்றுதான் எனக்குத் தோன்றும்.

இதில் இரண்டு சங்கதிகளை மட்டும் விட்டுவிடக் கூடாது. ஒன்று, கல்லின் வலிமை வேறு, சுவரின் வலிமை வேறு. அதே பெரு விதி, 10.2 கிலோ கல்லில் கட்டிய சுவருக்கு 6 கிலோ சொச்சம்தான் கொடுக்கிறது. நியூசிலாந்தின் மண் கட்டட விதிகள், சாதாரணத் தரத்து மண்ணுக்குச் சுவர் வடிவமைப்பில் எடுத்துக்கொள்ளச் சொல்வது 0.5 மெகாபாஸ்கல், அதாவது 5 கிலோ. அப்புறம் சோதனைக்கூடத்து எண்ணிலும் ஒரு மயக்கம் உண்டு. தட்டையான கல்லைப் படுக்கவைத்து அழுத்தும்போது, மேலும் கீழும் இருக்கும் இரும்புத் தட்டுகள் கல்லைப் பக்கவாட்டில் விரியவிடாமல் பிடித்துக்கொள்வதால், கல் இருப்பதை விட வலுவாகத் தெரியும். இதைச் சரிசெய்ய நெடுநாளாகப் புழங்கும் திருத்த அட்டவணை ஒன்று உண்டு. கல்லின் உயரம் அகலத்தில் 0.4 பங்குதான் என்றால், கிடைத்த எண்ணில் பாதியை மட்டும் எடுத்துக்கொள் என்கிறது அது. ஆகவே ஒருவர் 70 கிலோ கல் என்று சொன்னால், எப்படி வைத்துச் சோதித்தீர்கள், காய்ந்த கல்லா நனைந்த கல்லா என்று கேட்டுவிடுங்கள்.

இரண்டாவது, பாரம் ஒரே இடத்தில் குவிந்தால் கதை மாறும். ஒரு உத்திரத்தின் முனை சுவரில் 10 சென்டிமீட்டருக்கு 15 சென்டிமீட்டர் இடத்தில் உட்கார்ந்து ஒன்றரை டன்னை இறக்குகிறது என்றால், அந்த இடத்தில் மட்டும் சதுர சென்டிமீட்டருக்கு 10 கிலோ வந்துவிட்டது. பச்சைக்கல்லின் வலிமை அங்கேயே முடிந்தது. உத்திரத்தை நேரே மண்ணில் வைக்காமல், சுவர் நீளத்துக்கும் ஓடும் மரச்சட்டமோ கான்கிரீட் பட்டையோ போட்டு அதன் மேல் வைப்பது இதற்காகத்தான். மண் சுவரில் அழுத்து வலிமைக்காக யாராவது கவலைப்பட வேண்டுமென்றால் இந்த ஓர் இடத்துக்காகப் படட்டும்.

பச்சைக்கல்லும் கையால் வைத்த சுவரும்

பச்சைக்கல்லின் பெரிய நன்மை, சுருங்க வேண்டியது எல்லாம் சுவருக்கு வருவதற்கு முன்பே, களத்தில் காயும்போதே சுருங்கி முடிந்துவிடும் என்பது. விரிசல் விட்ட கல்லைத் தூக்கித் தூரப் போட்டுவிடலாம். வலிமை மண்ணைப் பொறுத்து 8 முதல் 30 கிலோ வரை எங்கே வேண்டுமானாலும் இருக்கும். இவ்வளவு பெரிய இடைவெளிக்குக் காரணம் களி. களி குறைந்தால் பிடிப்பு இல்லை, கூடினால் விரிசல். மண்ணைப் பார்க்கச் சோதனைக்கூடம்கூட வேண்டியதில்லை. ஈர மண்ணை 2 சென்டிமீட்டர் உருண்டையாக நாலைந்து உருட்டி, இரண்டு நாள் நிழலில் நன்றாகக் காயவிட்டு, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அழுத்துங்கள். ஒன்றுகூட உடையவில்லை என்றால் களி போதும், உடைந்தால் வேறு மண்ணைச் சேர்க்க வேண்டும். அதோடு நாடாச் சோதனையும் செய்துவிடுங்கள்: விரல் தடிமனுக்குத் திரித்த மண்ணை 4 மில்லிமீட்டர் நாடாவாக அமுக்கிக்கொண்டே போய்த் தொங்கவிடும்போது 10 சென்டிமீட்டருக்குள் அறுந்தால் களி குறைவு, 20 தாண்டியும் அறாமல் தொங்கினால் களி அதிகம், மணலோ வைக்கோலோ சேர்க்க வேண்டும்.

பச்சைக்கல் சுவரின் பலவீனம் கல்லில் இல்லை, சாந்தில் இருக்கிறது. நிறையப் பேர் கல்லை அக்கறையாகச் செய்துவிட்டு, சாந்துக்குப் பக்கத்தில் கிடக்கும் மண்ணை அள்ளிக் கரைத்துவிடுகிறார்கள். சாந்து காயும்போது சுருங்குகிறது, கல் சுருங்குவதில்லை, இரண்டும் ஒட்டும் இடத்தில் முடிமுடியாக விரிசல். சுவர் பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் பக்கவாட்டில் ஒரு தள்ளு வந்தால் அது சுவராக நிற்காது, அடுக்கி வைத்த கற்களாக உதிரும். கல் செய்த அதே மண்ணில் கொஞ்சம் கூடுதல் மணலும் நறுக்கிய வைக்கோலும் சேர்த்து, கல்லின் முகத்தை லேசாக நனைத்து, செங்குத்து இணைப்புகளையும் முழுக்க நிரப்பிக் கட்டினால் இந்தக் குறை பெருமளவு போய்விடும். வலிமை வேண்டும் என்று வெறும் சிமென்ட் சாந்தைப் போடுவது உதவாது. அது மண் கல்லை விட விறைப்பானது, சுவர் கொஞ்சம் அசைந்தாலும் சாந்து தப்பித்துக் கல் உடையும்.

கையால் வைக்கும் சுவர் இதற்கு நேர் எதிர். மண்ணை வைக்கோலோடு மிதித்துக் குழைத்து, உருண்டை உருண்டையாக அடித்து, ஒரு வரி அரை மீட்டர் உயரம் வைத்துவிட்டு அது இறுகும்வரை காத்திருந்து அடுத்த வரி. அழுத்து வலிமை நான்கிலும் குறைவு, 5 முதல் 15 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் இதில் சாந்து இணைப்பே கிடையாது, சுவர் முழுக்க வைக்கோல் குறுக்கும் நெடுக்கும் ஓடுகிறது. விரிசல் விழுந்தாலும் வைக்கோல் இரண்டு பக்கத்தையும் இழுத்துப் பிடித்துக்கொள்வதால் சட்டென்று பிளந்து விழாது. இங்கிலாந்தின் டெவன் பகுதியில் இப்படி வைத்த வீடுகளில் சில நூற்றாண்டுகள் தாண்டி மக்கள் குடியிருக்கிறார்கள். குறை என்னவென்றால் சுருக்கம் எல்லாம் சுவரிலேயே நடக்கும், அதனால் நீளமான சுவரில் சன்னல் ஓரங்களில் விரிசல் வரும், சுவர் காய்ந்து இறங்கிய பிறகுதான் நிலை, சன்னலை இறுக்கிப் பொருத்த வேண்டும். 45 சென்டிமீட்டருக்குக் குறைவாக இதை வைக்க நான் சொல்ல மாட்டேன். நேரமும் ஆள்பலமும் இருந்து வளைவான சின்ன வீடு கட்டுகிறவர்களுக்கு இது அருமையான வழி, அவசரக்காரர்களுக்கு ஒத்து வராது.

இடித்த மண்

திமிசு போட்டு இடிக்கும் சுவர் நான்கில் எனக்கு மிகவும் பிடித்தது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன், அதனால் அதன் குறைகளைக் கொஞ்சம் கூடுதலாகவே சொல்கிறேன். இதில் மண்ணைக் குழைப்பதில்லை. 8 முதல் 12 சதவீதம் வரை ஈரம் உள்ள உதிரி மண்ணை, இரண்டு பக்கமும் பலகை அடித்த கூண்டுக்குள் 15 சென்டிமீட்டர் போலப் பரப்பி, அது பத்துக்கு இறங்கும்வரை இடிப்பது, பிறகு அடுத்த படலம். தண்ணீர் குறைவு என்பதால் சுருக்கமும் குறைவு. இதற்கு ஏற்ற மண்ணும் வேறு: களி 10 முதல் 20 சதவீதம் போதும், மிச்சம் வண்டலும் மணலும் சரளையுமாக இருக்க வேண்டும். பச்சைக்கல்லுக்கு நன்றாக இருக்கும் பிசுபிசுப்பு மண் இங்கே கூண்டைக் கழற்றியதும் விரிசல் விடும். ஈரம் சரிதானா என்று பார்க்க, ஒரு கைப்பிடி மண்ணை இறுக்கிப் பிடித்து உருண்டையாக்கி 1.5 மீட்டர் உயரத்திலிருந்து கெட்டித் தரையில் போடுங்கள். ஒரு சில துண்டுகளாக உடைந்தால் சரியான பதம், பொடியாகச் சிதறினால் ஈரம் போதாது, உடையாமல் அப்படியே சப்பையாக உட்கார்ந்தால் ஈரம் அதிகம்.

சிமென்ட் சேர்க்காத இடித்த மண் 10 முதல் 25 கிலோ தாங்கும், சிமென்ட் சேர்த்தால் இதைப் பல மடங்கு ஆக்கலாம். சீனாவின் ஃபூஜியன் மாகாணத்தில் துலோவ் என்று சொல்லும் வட்டக் கோட்டை வீடுகள் மூன்று, நான்கு, ஐந்து மாடி வரை இடித்த மண்ணில் எழுந்து இன்னும் நிற்கின்றன, 2008-இல் யுனெஸ்கோ அவற்றை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. ஒன்றைக் கவனியுங்கள்: வெளிச்சுவரின் அடி மிகத் தடிமன், சுவர் மேலே போகப் போக மெலிகிறது, உள்ளே மாடிகளின் பாரத்தைப் பெரும்பாலும் மரச்சட்டகம் சுமக்கிறது, கூரை வெகுதூரம் வெளியே நீண்டு மழையைத் தள்ளிவிடுகிறது. மண் மட்டும் தனியாக அந்த வேலையைச் செய்யவில்லை.

இதன் குறை, தவறு கண்ணுக்குத் தெரியாது என்பதுதான். பச்சைக்கல்லில் ஒரு கல் மோசமென்றால் கையில் எடுக்கும்போதே தெரிந்துவிடும். இங்கே மாலை நேரத்தில் கை ஓய்ந்து அரைகுறையாக இடித்த படலம், சுவருக்கு நடுவில் மற்ற படலங்களுக்குள் ஒளிந்துகொள்ளும். ஒவ்வொரு படலத்திலும் மேல் பாகம் நன்றாக இறுகி, அடிப்பாகம் கொஞ்சம் தளர்ந்தே இருக்கும், பரப்பும் தடிமன் கூடக் கூட இந்த வித்தியாசமும் கூடும். முதல் நாள் வேலை நின்ற இடத்தில் மறுநாள் மேலே போடுகிறோம் இல்லையா, அந்தக் கோடுதான் சுவரின் பலவீனக் கோடு, அதைக் கீறி நனைத்துவிட்டுத்தான் தொடர வேண்டும். என் முதல் சுவரில் நானும் இதைச் செய்யத் தவறினேன். ஒரு வருடத்தில் சரியாக அந்தக் கோட்டிலேயே தண்ணீர் அரித்து ஒரு விரல் ஆழத்துக்கு வெட்டு விழுந்தது.

அழுத்திய மண் கல்

1950-களில் கொலம்பியாவின் பொகோட்டாவில் உருவான சின்வா-ராம் என்ற கைநெம்பு இயந்திரத்திலிருந்து இந்த வழி உலகமெங்கும் பரவியது. சிறு அளவு சிமென்ட் கலந்த ஈர மண்ணை அச்சில் போட்டு நெம்புகோலால் அழுத்தி எடுத்தால், மூலை மடங்காத, ஒரே அளவான கல். எடையில் 5 முதல் 8 சதவீதம் சிமென்ட் போட்டு நன்றாக நீர் காட்டினால் காய்ந்த நிலையில் 30 முதல் 70 கிலோ வரை வரும். எண்ணை மட்டும் பார்த்தால் போட்டி இங்கேயே முடிந்துவிட்டது.

ஆனால் இந்தக் கல் மூன்று இடங்களில் ஏமாற்றும். முதலாவது, நனைந்தால் வலிமை பாதி போல இறங்கும், சில மண்ணில் பாதிக்கும் கீழே. ஆக கணக்குக்கு எப்போதும் நனைந்த கல்லின் எண்ணை எடுங்கள், ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் கிடந்து எடுத்தவுடன் அழுத்திய எண்ணை. இரண்டாவது, சிமென்ட் எல்லா மண்ணையும் பிடிக்காது. பொதுவாக எடுத்துக்கொள்ளும் கலவை சரளை 15, மணல் 50, வண்டல் 15, களி 20 சதவீதம். களி 35 சதவீதம் பக்கம் போய்விட்டால் சிமென்ட்டை விட சுண்ணாம்புதான் வேலை செய்யும். கரிசல் போல ஊதிச் சுருங்கும் களியில் 5 சதவீதம் சிமென்ட்டைக் கொட்டுவது வீண் செலவு. மூன்றாவதுதான் பெரியது. கல் வலுவாக இருக்கிறது என்பதால் சுவரை ஒல்லியாக்கிவிடுகிறோம். 45 சென்டிமீட்டர் பச்சைக்கல் சுவர் இருந்த இடத்தில் 14 அல்லது 24 சென்டிமீட்டர் சுவர் வருகிறது. பாரம் தாங்குவதில் குறை இல்லை, ஆனால் பக்கவாட்டுத் தள்ளலில் மண் சுவரை நிற்கவைத்தது அதன் தடிமனும் எடையும்தான், அதை நாமே எடுத்துவிட்டோம். அதற்கு ஈடாகக் கம்பி, பட்டை, குறுக்குச்சுவர் என்று ஏதாவது கொடுத்தே ஆக வேண்டும். துளை உள்ள, ஒன்றோடொன்று கோர்க்கும் கற்கள் இங்கேதான் கைகொடுக்கின்றன, மூலைகளிலும் சன்னல் ஓரங்களிலும் துளைக்குள் கம்பி இறக்கிக் கான்கிரீட் ஊற்றிவிடலாம். சாதாரணப் பச்சைக்கல்லில் இதைச் செய்வது கடினம்.

சாந்து விஷயத்தில் ஒரு வார்த்தை: இந்தக் கல்லுக்குச் சிமென்ட்டும் மணலும் மட்டும் சேர்ந்த சாந்தை விட, கொஞ்சம் மண்ணும் கலந்த சாந்து நன்றாக ஒட்டுகிறது. கல்லை அச்சிலிருந்து எடுத்த பிறகு 28 நாள் ஈரம் போகாமல் மூடிவைப்பதையும் யாரும் குறுக்குவழியில் கடக்க முடியாது. வெயிலில் ஒரு வாரத்தில் காய்ந்த கல், பெயருக்குத்தான் சிமென்ட் கல்.

தண்ணீர்

உண்மையான போட்டி இங்கேதான் நடக்கிறது. சிமென்ட் இல்லாத மண்ணுக்கு வலிமை எங்கிருந்து வருகிறது என்று யோசியுங்கள். கடற்கரையில் குழந்தைகள் கட்டும் மணல் கோபுரம், லேசான ஈரத்தில் நிற்கும், முழுக்க நனைந்தால் கரையும். துகள்களுக்கு நடுவே இருக்கும் கொஞ்சூண்டு நீர்தான் அவற்றை ஒன்றோடொன்று இழுத்துப் பிடிக்கிறது. மண் சுவரிலும் இதேதான், களி மிக நுண்ணிய துகள் என்பதால் காயக் காய அந்தப் பிடி பல மடங்கு இறுகும். சுவரில் ஈரம் ஏற ஏறப் பிடி தளரும். ஆக பச்சைக்கல், கையால் வைத்தது, சிமென்ட் இல்லாமல் இடித்தது, இந்த மூன்றுக்கும் வலிமை என்பது நிலையான எண் கிடையாது, அன்றைக்குச் சுவருக்குள் எவ்வளவு ஈரம் என்பதைப் பொறுத்து ஏறி இறங்கும் எண். 20 கிலோ சுவர் அடியில் ஓதம், அதாவது தரை ஈரம், ஏறி நின்றால் 5 கிலோ சுவராகிவிடலாம், அதிலும் பாரம் அதிகமாக இருக்கும் அடியில்.

மாலி நாட்டின் ஜென்னே மசூதி, 1907-இல் எழுந்த பிரமாண்டமான பச்சைக்கல் கட்டடம், ஊரே கூடி வருடாவருடம் அதற்கு மண் பூசுகிறது. 2009 நவம்பர் 5 அன்று, ஒரே நாளில் 75 மில்லிமீட்டர் மழை கொட்டிய பிறகு அதன் தெற்குக் கோபுரத்தின் மேல் பகுதி இடிந்து விழுந்தது. அவ்வளவு அக்கறையாகப் பராமரிக்கும் கட்டடத்துக்கே அது நடந்தது. ஷிபாமின் நானூறு ஐந்நூறு வருடக் கோபுரங்களை ஆட்டிப் பார்த்ததும் 2008 அக்டோபர் வெள்ளம்தான்.

அதனால் சுவர் எந்த வகை என்று முடிவு செய்வதற்கு முன்பு, தண்ணீர் அதைத் தொடாமல் இருக்க உங்களால் முடியுமா என்று முடிவு செய்யுங்கள். கருங்கல்லிலோ சுட்ட செங்கல்லிலோ தரைக்கு மேல் குறைந்தது 30 சென்டிமீட்டர் எழுந்த அடித்தளம், அதன் மேல் ஓதத்தடுப்பு, சுவரைத் தாண்டி நன்றாக நீண்ட கூரை விளிம்பு, சுவரோரம் தண்ணீர் தேங்காத சரிவு. இவை இருந்தால் சிமென்ட் இல்லாத மண்ணே போதும். இவற்றில் ஒன்று இல்லை, வெள்ளம் வாசல் வரை வரும் இடம் என்றால் சிமென்ட்டோ சுண்ணாம்போ கலந்த கல்லைத் தவிர மற்றதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பச்சை மண் சுவருக்கு மேல் சிமென்ட் பூச்சு பூசிவிட்டால் போதும் என்று நினைப்பது மிக ஆபத்தானது. பூச்சில் முடி அளவு விரிசல் விழுந்து உள்ளே போன தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் தங்கிவிடும், பூச்சு அழகாக நிற்க உள்ளே சுவர் சேறாகும். மண் பூச்சும் சுண்ணாம்புப் பூச்சும் ஈரத்தை வெளியே விடும்.

வீட்டிலேயே செய்யக்கூடிய சொட்டுநீர்ச் சோதனை ஒன்று உண்டு. கல்லைச் சாய்த்து வைத்து, 40 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து 100 மில்லிலிட்டர் தண்ணீரை ஒரு திரி வழியாக 20 நிமிடம் முதல் ஒரு மணி நேரத்துக்குள் சொட்டுச் சொட்டாக விழவிடுங்கள், பிறகு விழுந்த குழியை அளந்து பாருங்கள். 15 மில்லிமீட்டரைத் தொட்டுவிட்டால் அந்த மண் வெளிச்சுவருக்குத் தேறாது. எனக்கு இந்தச் சோதனையின் மேல் சோதனைக்கூடத்து அழுத்து எண்ணை விட நம்பிக்கை அதிகம்.

பூமி ஆடினால்

2003 டிசம்பர் 26 அன்று இரானின் பாம் நகரில் 6.6 அளவு நிலநடுக்கம், 26,000 பேருக்கு மேல் இறந்தார்கள், பெரும்பாலான வீடுகள் மண்ணும் பச்சைக்கல்லும் சேர்ந்த கனமான கட்டடங்கள். மண் வீட்டை நேசிக்கிறவர்கள் இந்த எண்ணைத் தாண்டிப் போகக் கூடாது என்று நினைக்கிறேன்.

காரணம் எளிய கணக்கில் தெரியும். எதனோடும் கட்டாமல் தனியே நிற்கும் 3 மீட்டர் உயரம், 30 சென்டிமீட்டர் தடிமன் சுவரைப் பக்கவாட்டில் ஆட்டினால், புவியீர்ப்பில் பத்தில் ஒரு பங்கு விசை வந்தாலே அது அடியில் தூக்கிக்கொண்டு ஆடத் தொடங்கும். தடிமனை உயரத்தால் வகுத்தால் போதும், அதுதான் அந்த எண். பாமில் பதிவான கிடைமட்ட ஆட்டம் புவியீர்ப்பில் ஏறக்குறைய 0.8 பங்கு. இந்தக் கணக்கில் கல் எத்தனை கிலோ தாங்கும் என்பது எங்குமே வரவில்லை, பாருங்கள். 20 கிலோ கல்லானாலும் 70 கிலோ கல்லானாலும், கூரையோடும் குறுக்குச்சுவரோடும் கோர்க்காத சுவர் ஒரே மாதிரிதான் சாயும்.

அதனால்தான் நிலநடுக்கப் பகுதிகளுக்கான வழிகாட்டிகள் வடிவத்தைப் பிடித்துக்கொள்கின்றன: சுவர் உயரம் தடிமனில் 8 மடங்கைத் தாண்டக் கூடாது, ஒரு குறுக்குச்சுவருக்கும் அடுத்ததற்கும் நடுவே தடிமனில் 10 மடங்குக்கு மேல் நீளம் கூடாது, கதவு சன்னல் 1.2 மீட்டருக்கு மேல் அகலம் கூடாது, மூலையிலிருந்து 1.2 மீட்டராவது தள்ளித்தான் திறப்பு வர வேண்டும். 30 சென்டிமீட்டர் சுவரென்றால் 2.4 மீட்டர் உயரத்தோடு நிறுத்த வேண்டும், 40 என்றால் 3.2 மீட்டர் வரை போகலாம். இதோடு சுவர் முழுக்கச் சுற்றி வரும் ஒரு பட்டை, மரமோ கான்கிரீட்டோ, நான்கு மூலையிலும் விடாமல் கோர்த்தது.

இதற்கு மேலும் ஒரு படி உண்டு. லிமாவில் உள்ள பெருவின் கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் 1970-களிலிருந்தே பச்சைக்கல் வீடுகளை ஆட்டி ஆட்டிச் சோதித்து வருகிறது. 1990-களின் இறுதியில் மூலைகளிலும் மேல் விளிம்பிலும் கம்பி வலைப் பட்டை அடித்துப் பூசி வலுப்படுத்திய சில வீடுகள், 2001 ஜூன் மாதம் தெற்குப் பெருவை உலுக்கிய 8.4 அளவு நிலநடுக்கத்தில் நின்றன, அக்கம்பக்கத்தில் அப்படிச் செய்யாத பச்சைக்கல் வீடுகள் நொறுங்கின. பின்னால் வந்த சோதனைகளில் சிமென்ட் பூசிய கம்பி வலை பலத்த ஆட்டத்தில் திடீரென உடைகிறது என்று தெரிந்ததால், பிளாஸ்டிக் வலையைச் சுவரின் இரண்டு பக்கமும் போர்த்தி, சுவருக்கு ஊடே கயிறு கோர்த்துக் கட்டி, மேலே மண் பூச்சு பூசும் முறைக்குப் போனார்கள். சுவர் விரிசல் விடும், ஆனால் துண்டுகள் வலைக்குள்ளேயே நிற்கும், உள்ளே இருப்பவர்கள் வெளியே ஓடி வர நேரம் கிடைக்கும்.

நிலநடுக்க ஆபத்து பெரிதாக உள்ள இடத்தில் கேட்டால், கம்பி இறக்கிய துளைக்கல் என் முதல் தேர்வு, வலை போர்த்திய, தரைத்தளம் மட்டும் உள்ள தடிமனான பச்சைக்கல் வீடு இரண்டாவது. கையால் வைத்த சுவர் வைக்கோல் பிடிப்பால் எதிர்பார்த்ததை விட நன்றாகத் தாக்குப்பிடிக்கும் என்றாலும் தட்டுத்தடுமாறித்தான் மூன்றாவது. பட்டையும் கம்பியும் இல்லாத இடித்த மண்ணை, எனக்கு எவ்வளவு பிடித்திருந்தாலும், அங்கே வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

அப்படியென்றால் எதை எடுப்பது

நிலம் ஆடாத, மழை அளவான, இடம் தாராளமாக உள்ள இடத்தில் தரைத்தளம் மட்டும் உள்ள வீட்டுக்கு நான் சிமென்ட் சேர்க்க மாட்டேன். மண் பிசுபிசுப்பாக இருந்தால் பச்சைக்கல், சரளையும் மணலுமாக இருந்தால் இடித்த சுவர், 40 முதல் 45 சென்டிமீட்டர். என்றைக்காவது இடித்தாலும் அந்த மண்ணையே நனைத்து மறுபடி சுவராக்கலாம், சிமென்ட் கலந்துவிட்டால் அது நடக்காது. மாடி போட வேண்டும், இடம் குறைவு, சுவர் ஒல்லியாகத்தான் இருக்க முடியும் என்றால் அழுத்திய கல்லுக்குப் போங்கள். 24 சென்டிமீட்டருக்குக் குறையாமல், நனைந்த வலிமையை வைத்து ஒரு பொறியாளரிடம் கணக்குப் போட்டுக்கொண்டு. அடை மழையும் சாரலும் சுவரில் நேரே அடிக்கும் இடமானால் சுண்ணாம்போ சிமென்ட்டோ கலக்காமல் வெளிச்சுவரை எழுப்பாதீர்கள். உள்சுவர்கள் பச்சைக்கல்லாகவே இருக்கட்டும், அவற்றை மழை தொடப் போவதில்லை. இப்படி ஒரே வீட்டில் இரண்டு வகையைக் கலப்பதைப் பலரும் யோசிப்பதே இல்லை. இரண்டும் சேரும் மூலையில் கல்லைப் பல்லுப்பல்லாகக் கோர்த்துக் கட்டினால் அதில் எந்தத் தொல்லையும் வராது.

எதை எடுத்தாலும், வீட்டுக்குக் கடைக்கால் தோண்டுவதற்கு முன்பு அதே மண்ணில், அதே ஆட்களைக்கொண்டு ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் உயரத்துக்கு ஒரு மாதிரிச் சுவரை வெட்டவெளியில் கட்டிவிடுங்கள். ஒரு பாதியைத் தகரம் போட்டு மூடி, மறு பாதியைத் திறந்தே விடுங்கள். ஒரு மழைக்காலம் முழுக்க அதை அப்படியே விட்டுவிட்டு, திறந்த பாதியின் அடியில் ஆணியைக் குத்திப் பாருங்கள். மூடிய பாதியில் இறங்கும் அளவுக்குத்தான் இங்கேயும் இறங்குகிறது என்றால் சிமென்ட் வாங்க வேண்டாம், வேலையை ஆரம்பிக்கலாம்.